விளக்கைச் சுற்றி வந்த காகிதங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் ஓர் எழுத்து கோட்டின் மேல் உட்கார்ந்தால் அடுத்தது கீழே தொங்குகிறது. பெரிய பெரிய சுவர்களில் பட்டை பிரஷ் பிடித்து நேராக இழுத்த கை இது, இந்தக் குச்சிப் பேனா அதற்கு அடங்க மாட்டேன் என்கிறது. இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது, தளர்த்திப் பிடித்தால் எழுத்து ஊர்வலம் கிளம்பிவிடுகிறது. உன் அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, எறும்பு மையில விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கு, இதை அவ எப்படிப் படிப்பா என்று கேட்டாள். படிப்பாள், நான் பெற்ற பிள்ளை என்றேன். நான் பெத்ததை நீங்க பெத்ததா எழுதி வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதிலிருந்தே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்று நீ தெரிந்துகொள்ளலாம். என் வலது முட்டி மட்டும் நன்றாக இல்லை, அது எப்போதுமே நம் குடும்பத்தோடு ஒத்துப்போகாது, விட்டுத்தள்ளு. உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சுகம், அவன் பெண்ணுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நீ உடம்புக்கு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுக்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நீ பிறந்ததிலிருந்து உனக்கு நான் எழுதும் முதல் கடிதமும் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. ஒரே மாதத்தில் ஒரு முழு நாவலை எழுதி முடிப்பது என்று நீயும் உன் சிநேகிதர்களும் ஆரம்பித்தபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆபீசில் மேலதிகாரியிடம் நடையாய் நடந்து சம்பளமில்லாத லீவு வாங்கினாய், அறையைச் சுத்தம் செய்து மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டதாகச் சொன்னாய், கம்ப்யூட்டரில் எழுதினால் அழித்துக்கொண்டே இருப்பேன் என்று கட்டுக் கட்டாகத் தாள் வாங்கிக் கையால் எழுதப் போவதாகச் சொன்னாய். இப்போது அதே வாய், வரலைப்பா, மத்தவங்க எல்லாரும் பாதியைத் தொடப் போறாங்க, நான் மட்டும் எழுதறதும் அடிக்கறதுமா உக்காந்திருக்கேன், அடுத்த வாரக் கடைசி வரைக்கும் பாக்கறேன், அதுக்குள்ள வரலேன்னா லீவை முடிச்சுக்கிட்டு வேலைக்குப் போயிடுவேன் என்று சொல்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறொன்றைக் கேட்டுவிட்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன். போனில் பேச வேண்டும் என்றால் உடனே பதில் சொல்ல வேண்டும், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு வாக்கியத்துக்கு ஒரு காலைப் பொழுது எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் போதும்.

நீ அனுப்பிய மேஜை விளக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கிருந்து சொன்னால்தான் இங்கே நடந்த கூத்து உனக்கு முழுதாக விளங்கும். எழுத்தெல்லாம் நீந்துதும்மா என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்து அனுப்பியிருக்கிறாய், கண்ணாடித் தொப்பியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்தபோது விளக்குக்கு முன்னால் அதைச் சுற்றி அடைத்திருந்த காகித உருண்டைகள்தான் என் கண்ணில் பட்டன. உன் அம்மா அவற்றை அள்ளிக் குப்பைக் கூடையில் தட்டப் போனாள். எழுத்து இருக்கே என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றதிலிருந்து எனக்கு இந்த வியாதி. மருந்து டப்பாவின் முதுகு, பஸ் டிக்கெட், லிஃப்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, எதையும் படிக்காமல் விட முடிவதில்லை. போன வாரம் ஒரு சோப்பு உறையைப் படித்து முடிப்பதற்குள் குளிக்க வைத்த வெந்நீர் ஆறிவிட்டது. ஓர் உருண்டையை எடுத்து மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவினேன். உன் கையெழுத்து. குண்டு குண்டாக, சாய்வில்லாமல். நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அதன் உருவம் எனக்குத் தெரியும், ஆனால் பூட்டிய வீட்டைத் தெருவில் நின்று பார்க்கிற மாதிரிதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதவைத் திறந்து உள்ளே போனேன். உன் அம்மாவும் பேசாமல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு, ஒவ்வொரு தாளாகச் சுருக்கம் எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் போகிற சட்டையைக்கூட அவள் எனக்கு அவ்வளவு பொறுமையாகத் தேய்த்துக் கொடுத்ததில்லை.

இப்போது நான் எழுதப் படிக்கக் கற்கும் முதியோர் வகுப்பின் வழக்கம் ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். டீச்சர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுதிக் கொடுப்பார். திக்காமல் படித்துவிட்டால் அந்த வாக்கியத்தின் நடுவே நேராக ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்துட்டா அது உங்க வாக்கியம், இனிமே உங்ககிட்டேயிருந்து யாரும் அதைப் பிடுங்க முடியாது என்பார். கோடு விழாத வாக்கியத்தை மறுநாள் திரும்பவும் படிக்க வேண்டும். எங்களுக்குக் கோடு என்றால் பதக்கம் மாதிரி. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் தனக்கு முதல் கோடு விழுந்த தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார். உன் பக்கங்களைப் பிரித்துப் பார்த்தால் வரிக்கு வரி கோடு. சில பக்கங்களில் மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் கோடு. நாவல் எழுதுகிற இடத்திலும் ஒரு பெரிய டீச்சர் இருப்பார் போல, என் பெண் எழுதியதில் இவ்வளவும் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அங்கங்கே கோடு இல்லாத வரிகளும் இருந்தன. அவை இன்னும் தேறவில்லை, பாவம், படித்துப் பிள்ளையைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவற்றைத் தாண்டிவிட்டேன். கோடு போட்டதை மட்டும் படித்தேன்.

என்ன எழுதியிருக்கிறாய் நீ. ஒரு ரயில் நிலையம், அதில் பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைக்கும் அறை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்து. தினமும் காலை ரயில் போன பிறகு ஒரு மனிதர் அவள் ஜன்னலுக்கு வந்து நிற்கிறார். என்ன தொலைச்சீங்க என்று கேட்டால் சொல்வதில்லை. பார்த்தா எனக்குத் தெரியும்மா என்கிறார். அவளும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள், குடை, கூடை, ஒற்றைச் செருப்பு, பல் செட்டு. அவர் எதையும் தொடாமல் பார்த்துவிட்டு, இது இல்லை, நாளைக்கு வரேன் என்று போய்விடுகிறார். அந்தப் பல் செட்டு வந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். நான் தடுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்தாளாம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கையில் கரண்டியோடு நின்றபடியே கேட்டாள், அடுப்பில் இருந்தது அடி பிடிக்கிற வரைக்கும் கேட்டாள். நம் வீட்டில் நான்கு பேர்தான் இருந்திருக்கிறோம், உன் அண்ணனும் நீயும் போன பிறகு இரண்டு பேர். அன்றைக்கு அந்த மனிதர் வந்து நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். எங்கே இருந்து கொண்டுவந்தாய் அவரை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்படி ஒருவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் சட்டைக் காலர் தேய்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கீழ்த்தளத்துத் தையல்காரரிடம் சொன்னேன், அவர் பக்கத்தை எடுத்து வரச் சொன்னார். அவர் கடையில் துணி வெட்டும் மேஜை அகலமானது, தாள்களைப் பரப்பி வைக்க வசதி, விளக்கை மாட்டவும் இடம் இருக்கிறது. மத்தியானத்தில் அங்கேதான் வாசிப்பு. நானும் உன் அம்மாவும் தையல்காரரும், டியூட்டி இல்லாத நாளில் எதிர் வீட்டு நர்ஸும். நான் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் தையல்காரர் ஒரு பட்டன் தைத்துவிடுவார். உங்க வேகத்துக்கு அந்த ரயிலு ஊர் போய்ச் சேர்ந்து திரும்பியே வந்துடும், கொஞ்சம் தள்ளுங்க நான் படிக்கறேன் என்று தாளைப் பிடுங்கப் பார்த்தார். என் பெண் எழுதியதை நான்தான் படிப்பேன் என்று கொடுக்கவில்லை. அவர் என்ன தொலைத்திருப்பார் என்று தினமும் சண்டை. தையல்காரர், அவர் எதையும் தொலைக்கலைங்க, சாவிக்கார அம்மாவைப் பார்க்கத்தான் வர்றாரு, ஆம்பளை மனசு எனக்குத் தெரியும் என்றார். நர்ஸ், உங்களுக்கு எல்லாத்துலயும் அதுதான், அந்த மனுஷனுக்கு மறதி வியாதி, என்ன தொலைச்சோம்கிறதையே மறந்துட்டாரு என்றாள். உன் அம்மா மட்டும், அவரு வேணும்னேதான் எதையோ ரயில்ல விட்டுட்டு வந்திருக்காரு, அதை யாராவது கண்டுபிடிச்சுக் கொண்டாந்துட்டாங்களான்னு பயந்துக்கிட்டு வர்றாரு என்றாள். அந்தச் சண்டையில் தையல்காரர் ஒருவருடைய சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டார். சட்டைக்காரர் வந்து கத்தியபோது, நீங்களே சொல்லுங்க சார், ஒருத்தர் தினமும் வந்து நின்னுட்டு என்ன வேணும்னே சொல்லலேன்னா என்ன அர்த்தம் என்று அவரிடமே நியாயம் கேட்டார். சட்டைக்காரரும் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

இந்த நிலைமையில்தான் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நிறுத்தப் போகிறேன் என்றாய். எனக்கு அப்போது சரியாகக் காதில் ஏறவில்லை, ஏனென்றால் நான் உன்னிடம் கேட்க ஒரு கேள்வியைப் பிடித்து வைத்திருந்தேன். அது சரிம்மா, அந்த ஆள் என்ன தொலைச்சாரு, அதை மட்டும் சொல்லு என்று கேட்டுவிட்டேன். நீ எந்த ஆளுப்பா என்றாய். நான் சொன்னேன். அதெல்லாம் நான் அடிச்சதுப்பா, விளக்கு உடையாம இருக்க அடைச்ச குப்பை அது என்றாய். அடிச்சதுன்னா என்ன என்று கேட்டேன். வேணாம்னு கோடு போட்டதுப்பா என்றாய். எனக்குச் சுவரில் சாத்திய ஏணி வழுக்கியது மாதிரி இருந்தது. என் கதை ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தைப் பத்தினது, இந்த ஆளு கூப்பிடாம வந்து நடுவழியில நின்னுட்டான், என்ன தொலைச்சான்னு எனக்கே தெரியலை, அவனை வெச்சுக்கிட்டு ஒரு மாசத்துல எப்படி முடிக்கறது, அதான் தூக்கிட்டேன், தூக்கின பிறகு ஸ்டேஷன் மாஸ்டரும் நகர மாட்டேங்கறார் என்று நீ அழாத குறையாகச் சொன்னாய். உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள், அதற்குப் பிறகு சாப்பிட்டாயா தூங்கினாயா என்ற பேச்சுத்தான்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுதறவங்க வேணாம்கிறதை அப்படித்தான் அடிப்பாங்க, அதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று சிரித்தார், பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வருத்தத்தில் இல்லை, வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை கடைச் சுவர்களில் பழைய பெயர்களின் மேல் நான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே அடித்தேன், எனக்கு அது வெறும் கறுப்புக் கறை. நீயோ தெரிந்தே அடிக்கிறாய். இவ்வளவு நல்ல மனிதரை உருவாக்கி, அவருக்குத் தேய்ந்த காலரும் கொடுத்து, பிறகு இவர் வேண்டாம் என்று கோடு இழுத்து விளக்குக்கு மெத்தையாகப் போடுகிறாய் என்றால் உன்னிடம் இன்னும் எவ்வளவு இருக்க வேண்டும். குப்பையே இப்படி என்றால் நீ வைத்துக்கொண்டது எப்படி இருக்கும் என்று தையல்காரர் கேட்டார். அதனால் கோடு போடாத வரிகளையும் எடுத்துப் படித்தோம், ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, அவர்கள் சொத்துப் பேச்சு. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன். நல்ல குடும்பம்தான், எல்லாரும் ஒழுங்கா பேசறாங்க, ஆனா நமக்கும் அவங்களுக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை என்றார் தையல்காரர். உன் அம்மா, நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஆளு எங்கே போனாரு என்றாள்.

செவ்வாய்க்கிழமை நீ அம்மாவைக் கூப்பிட்டு, அந்தக் காகிதத்தை எறிஞ்சுடலையே என்று கேட்டாயாம். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, எதுக்குன்னு கேக்காதேம்மா, எனக்கு வேற காப்பி இல்லை, இருந்தா அனுப்பு என்று மட்டும் சொன்னாயாம். எழுதப் போகிறாயா, நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கப் போகிறாயா, ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் எழுந்து காகிதங்களைத் தேடப் போனோம். நீ நினைப்பது போல அவை ஒரே இடத்தில் இல்லை. தையல்காரர் ஒரு பக்கத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி வைத்திருந்தார், கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. எழுதினவங்களே கேட்டா எப்படிங்க கொடுக்காம இருக்கறது, ஆனா அவங்ககிட்ட சொல்லுங்க, இது என் கடைக்கு வந்த ஆளு, பத்திரமா பார்த்துக்கணும் என்று சொல்லிக் குண்டூசி ஓட்டை பெரிதாகாமல் மெதுவாகக் கழற்றிக் கொடுத்தார். இன்னொரு பக்கத்தை நர்ஸ் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டாள். அங்கே கால் முறிந்து படுத்திருக்கும் ஒரு பாட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினாளாம். அவர் ஒரு நாள் பார்வையாளர் யாரும் வராத நேரத்தில், சிஸ்டர், அந்த ஆள் இன்னிக்கு வந்தாரா என்று கேட்டாராம். நாளைக்கு வருவாரு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவள் அந்தப் பக்கத்தை மருந்துக் குறிப்பு எழுதும் அட்டைக்குள் மடங்காமல் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பக்கம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் உன் அம்மா தன் துணி அலமாரியைத் திறந்து, பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்தாள். சாவிக்காரி வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிடும் பக்கம் அது. எதற்கு ஒளித்து வைத்தாய் என்று கேட்டேன். ஒளிக்கலை, வெச்சிருந்தேன் என்றாள்.

இவ்வளவையும் சேர்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை. அனுப்பிவிட்டால் நம்மிடம் என்ன இருக்கும் என்று தோன்றியது. அதனால் அனுப்புவதற்கு முன்னால் எனக்கென்று ஒரு காப்பி எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன். உன் அம்மா, கூரியர்க்காரர் கிழவராயிடுவாரு என்றாள். ஆனாலும் விளக்கைத் துடைத்து வைத்தாள், தண்ணீர்ச் செம்பு வைத்தாள். தினமும் காலையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை, முட்டி மரத்துப்போகிற வரை எழுதினேன். வாசித்தபோது தெரியாதது எழுதும்போது தெரிந்தது. ஒரு பக்கத்துக்கு எனக்கு அரை நாள் ஆகிறது, அதுவும் பார்த்து எழுத. நீ இப்படி ஒரு கட்டுத் தாளே எழுதியிருக்கிறாய். உன் சிநேகிதர்கள் எல்லோரும் எத்தனை வார்த்தை எழுதினோம் என்று தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாக நீ சொன்னபோது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, இப்போது மலையாகத் தெரிகிறது. அவர்கள் கணக்கு அவர்களுக்கு, நீ அதைப் பார்த்து முகம் வாடாதே. ஈரச் சுவரைப் பார்த்தால் எந்தப் பெயிண்டும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும், காய்வதற்குள் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, இதை எழுதச் சொல்லி என் கை கேட்கிறது. உன் அம்மா மட்டும், பெயிண்ட் கதையை அவகிட்டே ஆரம்பிக்காதீங்க, அவ சின்ன வயசுல கேட்டது போதும் என்கிறாள். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

பார்த்து எழுதிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அன்றைக்கு மழை, ரயில் தாமதம், அந்த மனிதர் நனைந்துகொண்டே வந்து நிற்கிறார். சாவிக்காரி முதல் தடவையாகக் கோபப்பட்டு, இன்னிக்குச் சொல்லாம நீங்க போகக் கூடாது, என்ன தொலைச்சீங்க என்று கேட்கிறாள். அவர் தலையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். அதோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறும் தாள். நான் அந்த இடம் வரை எழுதிவிட்டு, பழக்கத்தில் அடுத்த வரிக்கு உன் தாளைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. என் கையில் பேனா இருக்கிறது, என் தாளிலும் இடம் இருக்கிறது, ஆனால் பார்த்து எழுத எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எழுதுவது என்றால் எங்கேயோ இருப்பதைப் பார்த்து எழுதுவது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். டீச்சர் பலகையில் எழுதுவார், நான் பார்த்து எழுதுவேன். டீச்சருக்குப் புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கும் எங்கேயோ ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். அந்த வெறும் பாதித் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான், நீ தினமும் அந்த ஜன்னல் மேஜையில் எதற்கு முன்னால் உட்காருகிறாய் என்று எனக்குப் புரிந்தது. உனக்குப் பார்த்து எழுத எதுவும் இல்லை. அந்த மனிதர் என்ன சொல்லப்போகிறார் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, தெரியாமலே நீ பேனாவைத் தாளில் வைக்கிறாய். கட்டடத்தின் உச்சியில் கயிற்றில் தொங்கி வேலை செய்திருக்கிறேன், அங்கேகூடப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. நிறுத்திவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பொழுது உட்கார்ந்ததற்கே எனக்கு வியர்த்துவிட்டது. நீ தொடர்ந்து எழுதினாலும், போதும் என்று எழுந்தாலும், அங்கே போய் உட்கார்ந்தவள் என் பெண் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் அவர் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் பக்கங்கள் எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், அம்மா மறுபடி ஒரு தடவை தேய்த்து அட்டை வைத்துக் கட்டியிருக்கிறாள். சனிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும் என்று கூரியர்க்காரர் சொன்னார். இனிமேல் பக்கத்துக்கு எண் போடு, எது முன்னால் எது பின்னால் என்று எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது, ஒற்றைச் செருப்புக்கு முன்னாலேயே பல் செட்டு வந்துவிட்டது என்று தையல்காரர் இன்னும் சாதிக்கிறார். வேளைக்குச் சாப்பிடு, மேஜையை விட்டு எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வந்து உட்கார். மின்விசிறிக்கு நேராகத் தாளை வைக்காதே. அம்மா எழுதச் சொன்னது, முடியை வாராமல் வீட்டுக்குள்ளேயே கிடக்காதே, கதையில் வருகிறவர்களுக்கு மட்டும் சாப்பாடு போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்காதே. இதை அவள் சொல்லச் சொல்லவே எழுதினேன், ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. நீ நினைத்தது உனக்குக் கைகூடட்டும், கண்ணும் கையும் சோராமல் நன்றாக இரு, எங்கள் இருவரின் ஆசியும் உன் மேஜைப் பக்கத்திலேயே இருக்கும். என் காப்பியில் கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன், அதில் எனக்கு எழுதத் தெரியாது, அது உன் இடம். பேனாவுக்கு மை நிரப்பி வைத்துவிட்டேன், அடுத்த வாரம் இதே நாளில் உனக்கு மறுபடி எழுத உட்காருவேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா